ஏழுகரைப்பட்டியில் எதுவும் மக்காத இரண்டு வருடங்கள்

ஏழுகரைப்பட்டியில் மக்குவது நின்றுபோனதை முதலில் தெரிந்துகொண்டவள் தவமணி. ஒரு பொருள் எவ்வளவு மக்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம் என்பதால் அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. சுற்றுவட்டாரத்து சேகோ ஆலைகள் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கைப் பிழிந்து ஜவ்வரிசிக்கு மாவெடுத்த பிறகு தள்ளிவிடும் சக்கையைத் திப்பி என்பார்கள். அந்தத் திப்பியை லாரியில் கொண்டுவந்து, கரைத்து, காய்ச்சி, ஆளுயர எஃகுத் தொட்டிகளில் வளரும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகளுக்குத் தீனியாக ஊற்றி, அவை தின்று கொழுத்துப் பஞ்சகாலத்துக்கென்று உடம்புக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும் கொழுப்பைப் பிரித்தெடுத்து, உருக்கி, மெல்லிய தாளாக இழுத்துச் சுருட்டும் ஆலையில் அவளுக்கு வேலை. அந்தத் தாள் பார்வைக்குப் பிளாஸ்டிக், ஆனால் மண்ணில் புதைத்தால் ஆறு மாதத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும் என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தோண்டி எடுத்து, கழுவி, உலர்த்தி, தராசில் வைத்து, எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்று குறித்துக்கொள்வாள் தவமணி. நுண்ணுயிரியல் படித்துவிட்டுப் பவானிப் பக்கத்திலிருந்து வந்தவள், முப்பத்தெட்டு வயது, தனியாள், அதிகம் பேசமாட்டாள். காணாமல் போவதைப் பார்த்துப் பார்த்து அவள் முகத்தில் ஒரு சாந்தம் படிந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு, அதற்குப் பெயர் திமிர் என்று சொல்பவர்களும் உண்டு.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, புதைத்து அறுபது நாளான தாளை எடுத்துத் தராசில் வைத்தாள். நாற்பத்தைந்தாம் நாள் காட்டிய அதே எடையைக் காட்டியது. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள், பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி வைத்தாள். மூன்று தடவையும் ஒரே எண்தான். அதைக் குறித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். மறுநாள் காலையில் ஊரில் ஒரு வீட்டிலும் இட்லி மாவு பொங்கவில்லை.

முதல் மூன்று நாள் பெண்கள் உளுந்தைத் திட்டினார்கள், நான்காம் நாள் உறை ஊற்றிய பால் பாலாகவே இருந்ததைக் கண்டு மாட்டைத் திட்டினார்கள். ஒரு வாரம் கழித்து, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் குவிந்திருந்த எச்சில் இலைகள் நாற்றமே இல்லாமல் கிடப்பதையும், ஈக்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதையும், மேற்கே ஓடைப் பாலத்துக்கும் கிழக்கே சுண்ணாம்புக் கரட்டுக் குன்றுக்கும் நடுவில் எதுவுமே புளிக்கவோ அழுகவோ மக்கவோ இல்லை என்பதையும், பாலத்தைத் தாண்டி ஓரடி வைத்தால் எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது என்பதையும் கண்டுபிடித்தபோது யாரையும் திட்டத் தோன்றாமல் அதற்கு ஏற்றபடி வாழத் தொடங்கினார்கள். வயிற்றுக்குள் போனது மட்டும் எப்போதும்போல் செரித்தது, அந்தச் சட்டம் வாய்க்கு வெளியேதான் என்று ஊர் புரிந்துகொண்டது. மாலை ஆறு மணி டவுன் பஸ்ஸில் மாவுப் பானைகள் மூடிக்கு மேல் துணி கட்டி, துணிமேல் வீட்டுப் பெயர் எழுதி, வரிசையாக ஏறிப் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் இறங்கி, அங்கே பொங்கி, விடிகாலை ஐந்து மணி பஸ்ஸில் நுரையோடு திரும்பி வந்தன. கண்டக்டர் பானைக்கு அரை டிக்கெட் கிழித்தார். நடத்திப் பார்த்த இரண்டே வாரத்தில் அது எத்தனையோ காலமாக நடப்பதுபோல் ஆகிவிட்டது.

போஸ்ட்மாஸ்டர் ஓய்வுபெற்ற மறுமாதம் இறந்துபோனபோது, துபாயிலிருந்து மகன் வருகிறவரை ஒன்பது நாள் கூடத்தில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஐஸ்பெட்டி வாடகைக்கு விடுகிறவன் கடையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனான். அந்தச் செய்தி கேட்டுத்தான் தக்காளி வியாபாரிகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் மாம்பழ வியாபாரிகளும் மீன் வியாபாரிகளும் வந்தார்கள். முன்னறை, பின்னறை, மாட்டுக்கொட்டகை, மூடிக்கிடந்த சினிமாக்கொட்டகை எல்லாம் கூடைகளால் நிறைந்தன. விலை ஏறுகிறவரை தக்காளி அங்கே செக்கச்செவேலென்று காத்திருந்தது, ஊர்க்காரர்கள் தக்காளிக்கு நடுவில் ஒருக்களித்துப் படுக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஆலையில் தொட்டிகள் முன்னைவிட அதிகமாகக் கொடுத்தன. சேர்த்த கொழுப்பைப் பசித்தபோது தாமே கரைத்துத் தின்றுவிடும் நுண்ணுயிரிகள் இப்போது சேர்த்தன, சேர்த்துக்கொண்டே இருந்தன. முதலாளி நஞ்சப்பன் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தார். பிறகு தவமணியின் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"நம்ம தாள் நம்ம மண்ணுலயே மக்கலைன்னா, வாங்கறவனுக்கு அது வெறும் பிளாஸ்டிக்குங்க மேடம். வெறும் பிளாஸ்டிக் செய்யறதுக்கு நாம எதுக்கு?"

"ஆமாங்க சார்," என்றாள் தவமணி.

"ஏதாச்சும் பண்ணுங்க."

"பார்க்கறேன் சார்."

அந்த ஆடி மாதம்தான் வையாபுரியின் மகள் செத்துப்போனாள். வையாபுரி ஆலையில் பாய்லர் பார்ப்பவர், ஐம்பதைத் தொட்டவர், நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டையும் காற்றையும் சொல்லிவிடுகிற கைதேர்ந்தவர். அவர் மனைவி செல்லக்கிளி சேகோ ஆலைக் களத்தில் ஜவ்வரிசி காயவைக்கிறவள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒற்றையாகப் பிறந்த பெண் தர்ஷிகா, ஆறாம் வகுப்பு, மூன்றே நாள் காய்ச்சல். அவர்களில் புதைப்பதுதான் வழக்கம். அன்றைக்கு மழை விடாமல் பெய்ததால் முதலாளி ஆலையிலிருந்து ஒரு சுருள் தாளைக் கொடுத்தனுப்பினார், பெண்ணைச் சேலையில் சுற்றி அதற்குமேல் தாளில் சுற்றிப் பாலத்துப் பக்கத்து இடுகாட்டில் புதைத்தார்கள். தன் தொட்டியில் விளைந்து தன் கண்முன்னால் இழுக்கப்பட்ட சுருள்தான் அது என்று தவமணிக்குத் தெரியும், அவள் மழையில் குடையில்லாமல் கடைசி வரிசையில் நின்றிருந்தாள்.

ஐப்பசி மழையில் மேட்டுமண் கரைந்தது. குழிவெட்டுகிறவன் வந்து கதவைத் தட்ட, வையாபுரி போய்ப் பார்த்தார். சேலை முகத்திலிருந்து விலகியிருக்க, கண்ணாடிபோல் தெளிந்த தாளுக்கு உள்ளே, ஆடி மாதம் எப்படிப் படுத்தாளோ அப்படியே, நெற்றியில் வைத்த விபூதிகூடக் கலையாமல் மகள் படுத்திருந்தாள். அவர் குழியை மூடவில்லை. செங்கல் வாங்கி நாலு பக்கமும் கட்டி, ஆலையில் கழித்துப்போட்ட தகரத்தால் கூரையும் கதவும் செய்து, தினமும் மதியச் சாப்பாட்டு மணிக்குத் தூக்குப்போசியோடு அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வேலைக்கு மணியடிக்கும்போது திரும்பினார். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. பூக்காரி போகிறபோக்கில் ஒரு முழம் கதவில் சொருகிவிட்டுப் போனாள், அடைமழைக்காலத்தில் யாரோ கூரைமேல் கல் எடுத்து வைத்தார்கள். அவருடைய மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்களிடம் அவர் நல்லா இருக்கறா என்றார், கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அந்த மாசிக்குப் பிறகு செத்தவர்களின் வீட்டாரில் இன்னும் ஆறேழு பேர் செங்கல் வாங்கினார்கள். செல்லக்கிளி மட்டும் ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை.

முதல் வருடத்துக் கிழங்கு மண்ணில் மிச்சமிருந்த சத்தில் விளைந்தது. இரண்டாம் வருடம் வயலில் போன வருடத்துச் சருகு சருகாகவே கிடந்தது, போட்ட சாணம் சாணமாகவே கிடந்தது, குச்சிச்செடி மஞ்சளாகி நின்று விரல் பருமனுக்குக் கிழங்கு விட்டது. எதுவும் அழியாத மண்ணிலிருந்து எதுவும் எழுந்து வரவில்லை. விவசாயிகள் வழி கேட்டுத் தாள் ஆலை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், ஊர்க்கிழங்கையே நம்பியிருந்த சேகோ ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன.

தவமணி அதற்குள் ஒரு காரியத்தைத் தொடங்கியிருந்தாள். பாலத்துக்கு அந்தப்பக்கத்து மண்ணிலிருந்து தாளைத் தின்னும் ஒரு நுண்ணுயிரியைப் பிரித்து ஒரு மண்பானையில் திப்பியோடும் தண்ணீரோடும் வளர்த்தாள். அங்கே அது ஒன்பது நாளில் ஒரு தாளைத் தின்று தீர்த்தது. ஊருக்குள் கொண்டுவந்தால் தூங்கிப்போனது. ஆகவே அவசரப்படாமல், பானையைப் பாலத்தின் அந்தமுனையில் வைத்து, அதற்குள் கையகலத் தாள் ஒன்றை ஊறவைத்து, காலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். தாளில் ஊசி ஓட்டை விழுந்திருந்தால் பானையை ஓரடி ஊர்ப்பக்கம் நகர்த்தினாள், விழாவிட்டால் அங்கேயே விட்டாள். தூங்கியவை தூங்கியபடியே மிஞ்சின, விழித்திருந்தவை பெருகின, பெருகியவற்றின் பிள்ளைகள் அடுத்த அடியில் இன்னும் கொஞ்சம் விழிப்போடு இருந்தன. ஒரு நாளைக்கு ஓரடி, சில நாள் அதுவும் இல்லை. தக்காளி வியாபாரிகளின் ஆட்கள் இரண்டு முறை பானையை உடைத்தார்கள், அவள் வைத்திருந்த மாற்றுப்பானையை எடுத்துவந்து அதே அடியில் வைத்தாள். ஏழு மாதத்தில் பானை பாலத்தைக் கடந்து, சாலையோரமாக வந்து, இடுகாட்டுச் சுவரை நெருங்கியது. இடுகாட்டைத் தாண்டிவிட்டால் பிறகு நகர்த்த வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். அங்கே அவற்றுக்கு அவ்வளவு வேலை காத்திருந்தது, அந்தத் தெம்பில் தாமாகவே ஊர் முழுக்கப் பரவிவிடும்.

வையாபுரி ஒரு மதியம் போசியோடு வந்து பானைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"சுவத்துக்கு இன்னும் எத்தனை அடிங்க மேடம்?"

"நாலு அண்ணா."

"வேற வழியா கொண்டுபோக முடியாதுங்களா? கரட்டுப் பக்கமா?"

"கரடு வெறும் கல்லு. இது உசிரோட போறதுக்கு மண்ணு இந்தப் பக்கம்தான் இருக்கு."

அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார், கலங்கல் தண்ணீரும் ஒரு துண்டுத் தாளும்தான் தெரிந்தன. "என்னைய யாரும் எதுவும் கேக்கலை," என்றார். "மழை பெஞ்சுது, மண்ணு கரைஞ்சுது, எம்பொண்ணு திரும்பி வந்தா. நானா போய்க் கேட்டேன்? குடுத்ததைத் திருப்பிக் குடுன்னா எப்படிங்க மேடம்?"

நாலு நாளில் பானை சுவரைத் தொட்டது, ஐந்தாம் நாள் தாளில் ஓட்டை விழுந்திருந்தது, தவமணி பானையை நகர்த்தவில்லை. ஆறாம் நாளும் நகர்த்தவில்லை. ஏன் நின்றுவிட்டது என்று கேட்ட முதலாளிக்கும் விவசாயிகளுக்கும் தாளில் இன்னும் ஓட்டை விழவில்லை என்று சொன்னாள். தன் உத்தியோகத்தில் அவள் ஓர் அளவை மாற்றிச் சொன்னது அந்த ஒரு விஷயத்தில்தான். அதைச் சொல்லும்போது நாக்கு அவளுக்கே அந்நியமாக இருந்தது, என்றாலும் தினமும் சொன்னாள். முதலாளி மாதக் கடைசிவரை பார்ப்பதாகவும் அதற்குப் பிறகு வேறு ஆளை வைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

இருபதாம் நாள் செல்லக்கிளி வந்தாள். களத்திலிருந்து நேராக வந்திருந்ததால் கைமுட்டிவரை மாவு வெளுத்திருந்தது.

"ஓட்டை விழுந்துருச்சுல்லங்க மேடம்?"

தவமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும். உங்க மூஞ்சில எழுதி ஒட்டிருக்கு." செல்லக்கிளி சுவருக்கு அந்தப்பக்கம் பார்க்காமலே பேசினாள். "நான் பெத்தவ. எனக்கு அவ அன்னிக்கே போயிட்டா, அழுது முடிச்சுட்டேன், முடிச்சுட்டு மறுபடியும் அழறேன். அவருக்கு இன்னும் போகலை. ஒரே வீட்டுல சோறு பொங்கித் தின்னுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் ரெண்டு ஊர்ல இருக்கறோம்."

"நான் ஊத்திரட்டுமா அக்கா?"

"வேண்டாம். நீங்க ஊத்தினா ஆயுசுக்கும் உங்களைப் பழி சொல்லுவாரு, நான் ஊத்தினா என்னைய. அவராத்தான் வரணும்." போகும்போது நின்று, "எத்தனை நாள் வேணாலும் பொய் சொல்லுங்க, எனக்காகச் சொல்லுங்க," என்றாள்.

அந்த வாரம் தர்ஷிகாவின் பிறந்தநாள் வந்தது. போன வருடம் வையாபுரி கூப்பிட்டபோது வகுப்புத் தோழிகள் பதினோரு பேர் வந்து, மிட்டாய் வாங்கிக்கொண்டு, தாளுக்கு மேல் பூப்போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்த வருடம் ஒரே ஒருத்தி வந்தாள், சுபிக்‌ஷா என்று பெயர், எட்டாம் வகுப்பு, தர்ஷிகாவுக்கு அடுத்தவீடு. கிடுகிடுவென்று வளர்ந்து, தாவணியைச் சரிசெய்துகொண்டே குனிந்து தகரக் கதவுக்குள் நுழைந்தாள். சுவருக்கு இந்தப்பக்கம் பானையோடு உட்கார்ந்திருந்த தவமணிக்கு உள்ளே பேசுவது கேட்டது.

"பாப்பா தூங்கற மாதிரியே இருக்குதுங்க மாமா," என்றாள் சுபிக்‌ஷா.

"பாப்பாவா?" என்று வையாபுரி சிரித்தார். "ஒரே பெஞ்சுல உக்காந்தவளாச்சே கண்ணு. என்ன அடி அடிச்சுக்குவீங்க ரெண்டு பேரும்."

"இல்லீங்க மாமா... சின்னதா இருக்குதுங்கல்ல. அதான் வாயில வந்துருச்சு."

சுபிக்‌ஷா வெளியே வந்தாள், பின்னால் வையாபுரி வந்தார். வாசலில் நின்று அந்தப் பெண் தன் தோள்வரை உயர்ந்திருப்பதைப் பார்த்தார். திரும்பிக் குழியைப் பார்த்தார், மறுபடியும் இவளைப் பார்த்தார். "போயிட்டு வா கண்ணு," என்று அவள் கையில் மிட்டாய்ப் பொட்டலம் முழுவதையும் கொடுத்தார். அன்று வேலைக்கு மணியடித்தும் அவர் போகவில்லை.

மறுநாள் காலை தவமணி வந்தபோது அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"முதல்ல எது போகுங்க மேடம்?"

"முதல்ல உறைதான் போகும் அண்ணா. அது நான் செஞ்ச தாள். ஓரத்துல மங்கும், அப்புறம் சல்லடை மாதிரி ஆகும். பத்துப் பன்னெண்டு நாள்ல காணாமப் போயிரும்."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் எனக்கு அளக்கத் தெரியாதுங்க அண்ணா."

"நான் பக்கத்துல இருக்கலாமா?"

"தாள் இருக்கற வரைக்கும் இருங்க. அதுக்கப்புறம் மண்ணைத் தள்ளிருங்க."

வையாபுரி பானையைத் தூக்கிக்கொண்டார். பாய்லருக்குக் கரி தூக்கும் கைகளுக்கு அது ஒரு கனமே இல்லை, ஆனாலும் வழியில் இரண்டு முறை இறக்கிவைத்து மூச்சுவாங்கிவிட்டுத்தான் போனார். குழிக்குள் இறங்கி, தலைமாட்டிலிருந்து தொடங்கி, ஒரு சொட்டும் முகத்துக்கு நேரே படாமல், சுற்றிவர ஊற்றினார். பன்னிரண்டு நாள் அவர் ஆலைக்கு வரவில்லை, தவமணி ஆள்வைத்துப் பாய்லரைப் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் தாளின் ஓரம் பால்போல் மங்கியது, ஏழாம் நாள் முகம் புகைக்கு அந்தப்பக்கம் இருப்பதுபோல் ஆனது. பன்னிரண்டாம் நாள் காலையில் செல்லக்கிளி மண்வெட்டியோடு வந்தாள், இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கதவுக்குள் நுழைந்தாள். இருவரும் மண்ணைத் தள்ளினார்கள், பிறகு செங்கல்லைப் பிரித்தார்கள், தகரத்தை வையாபுரி தோளில் போட்டுக்கொண்டு ஆலையில் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தார்.

ஐந்தாறு நாளில் ஊரில் நாற்றம் எழுந்தது. இரண்டு வருடத்து எச்சில் இலைகளும் சருகும் சாணமும் மீனும் தக்காளியும் ஒரே சமயத்தில் தொடங்கின, ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள், பொத்தியபடியே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வியாபாரிகள் லாரிகளில் அள்ளியது பாதி, வழித்தெறிந்தது பாதி. செங்கல் கட்டியிருந்த மற்ற வீட்டாரில் இரண்டு பேர் தவமணியின் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள், அவள் அதைக் கூட்டி எடுத்துச் செடிக்குப் போட்டாள். ஈக்கள் ஒரு பெரிய கல்யாண வீட்டாரைப்போல் கூட்டமாக வந்து சேர்ந்தன. மார்கழியில் சருகு மக்கி வயல்கள் கறுத்தன.

தை மாதம் ஒரு மத்தியானம் தவமணி வெந்நீர் பிடிக்கப் பாய்லர் கொட்டகைக்குப் போயிருந்தபோது, திப்பி லாரிக்குப் புதிதாக வந்த டிரைவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார், தர்மபுரிப் பக்கத்து ஆள், ஊர்க்கதை எதுவும் தெரியாதவர்.

"அண்ணனுக்குப் பசங்க எத்தனைங்க?" என்று கேட்டார்.

தவமணி குழாயை மூடினாள். வையாபுரி நெருப்பைக் கிளறிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒரு பொண்ணு இருந்தா," என்றார்.

அந்த 'இருந்தா'வை அவர் வாயிலிருந்து தவமணி கேட்பது அதுதான் முதல் தடவை. டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார். வையாபுரியே மேற்கொண்டு பேசினார்.

"அவங்கம்மா சேகோ களத்துல வேலை. இவ அங்க போயி, காஞ்சும் காயாமலும் இருக்கற ஜவ்வரிசியை வாய் நிறைய அள்ளிப் போட்டுக்குவா. மென்னா பல்லுல ஒட்டிக்கும், வாயைத் திறக்க வராது. அப்படியே ஓடிவந்து இங்க, இதே இடத்துல நின்னுக்கிட்டு, கையை ஆட்டி ஆட்டி என்கிட்ட சண்டை போடுவா."

டிரைவர் மெல்லச் சிரித்தார். "எதுக்குங்கண்ணா சண்டை?"

"யாருக்குத் தெரியும்?" என்றார் வையாபுரி. "ஒரு வார்த்தையும் புரியாதே."